பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க அரை நாள் போதுமா?

கேள்வி: குடும்பத்தோடு கன்னியாகுமரி வருகிறோம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு அரை நாள் ஒதுக்கினால் போதுமா? பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

அரண்மனைக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். இரண்டரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு வெளியே வந்து நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால், திருவிதாங்கூரின் பழைய தலைநகரத்துக்கு வந்துவிட்டு ராஜா வீட்டை மட்டும் பார்த்துத் திரும்புகிற கதை அது.

எனக்கு ஊர் பக்கத்திலுள்ள தக்கலை. அரண்மனை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, கொட்டாரம்தான். வீட்டுக்கு விருந்து வந்தால் "சோறு தின்னாச்சா" என்பதற்கு அடுத்த கேள்வி "கொட்டாரம் பாத்தாச்சா" என்பதுதான். அப்படி எத்தனை பேரைக் கூட்டிப்போயிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் ஒரே ஒரு முறைதான் ஊரை உருப்படியாகக் காட்டியிருக்கிறேன். அதுவும் என் மறதியால்.

அக்காவும் அத்தானும் மகனைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். காலை ஒன்பதுக்கெல்லாம் கொட்டாரத்து வாசலில் நிற்கிறோம். கதவு பூட்டிக் கிடக்கிறது. திங்கட்கிழமை! வாரா வாரம் அன்றைக்கு விடுமுறை. உள்ளூர்க்காரனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அக்கா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. சிப்ஸ் கடைக்காரர்தான் காப்பாற்றினார். "நாளைக்கு வா மக்களே, கொட்டாரம் எங்கயும் ஓடிராது."

வேறு வழியில்லாமல் கோட்டைக்குள் நடந்தோம். கொட்டாரம் வெறும் ஆறரை ஏக்கர். அதைச் சுற்றிய கருங்கல் கோட்டை ஏறக்குறைய 185 ஏக்கர். அந்த மதிலுக்குள் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஓட்டு வீடு, மொட்டைமாடி வீடு, மதிலோரம் காயும் துணி, மீன்காரரின் ஹாரன். வேளிமலை அடிவாரம் என்பதால் காலையில் வெயில் உறைக்காது. மருமகன் கோட்டைச் சுவரில் கை வைத்தபடியே நடந்தான். "மாமா, இதுக்கு டிக்கெட் இல்லையா?" என்றான். இல்லை. இந்த ஊரில் டிக்கெட் இல்லாமல் பார்க்கக் கிடைப்பதுதான் அதிகம்.

நீலகண்டசுவாமி கோயிலுக்குப் போனோம். ஊரின் பழைய பெயர் கல்குளம், தாலுகாவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். சிவராத்திரிக்குக் கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுவார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தில் ஏழாவது கோயில் இது. தெப்பக்குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ராமசாமி கோயிலையும் விட்டுவிடாதீர்கள். ராமாயணத்தை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கொட்டாரத்துக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப்பார்ப்பதில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூர் என்ற பெயருக்கே காரணமான திருவிதாங்கோடு தக்கலைக்குப் பக்கத்து ஊர். கொட்டாரத்திலேயே பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தை 1550 வாக்கில் கட்டியது என்கிறார்கள். இப்போதுள்ள அரண்மனையின் தொடக்கம் 1601 வாக்கில், இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில். அதை விரிவாக்கி, கோட்டையைக் கல்லால் கட்டி, 1744-ல் பத்மநாபபுரம் என்று பெயர் மாற்றியவர் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா. 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சாமியின் தாசனாக ஆண்டார். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரம் போயிற்று. 1956 நவம்பர் 1-ல் கல்குளம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது. மண் தமிழ்நாடு, டிக்கெட் கேரளம். இதைப் பற்றி இங்கே சாயாக்கடையில் பேச்செடுத்தால் அன்றைக்கு வேலைக்குப் போன மாதிரிதான்.

அன்று பிற்பகல் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். கொட்டாரத்திலிருந்து பக்கம்தான், நாகர்கோவில் போகிற ரோட்டோரம். இப்போது வனத்துறையின் பூங்கா. குளச்சல் போரில், 1741-ல், டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது பிடிபட்டவர் அவர்கள் தளபதி டிலனாய். கைதியாக வந்தவர் மனம் மாறி மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார், 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி ஆனார், 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. ஐரோப்பாவில் பிறந்தவர், மலையாள ராஜாவிடம் வேலை பார்த்தவர், கல்லறையில் தமிழ். எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் அந்தக் கல்லைக் காட்டினால் போதும். அவரால் கிறிஸ்தவரான அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைதான் 1752-ல் காற்றாடி மலையில் கொல்லப்பட்ட தேவசகாயம். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

மறுநாள் கொட்டாரம். உள்ளே செருப்பு போடக்கூடாது, அது நல்லதுக்குத்தான். தரையின் அருமை காலுக்குத்தான் தெரியும். கறுப்பாக, முகம் தெரியும் வழவழப்பு, சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை சேர்த்துப் போட்டது என்பார்கள். என் அம்மா ஒவ்வொரு முறையும் குனிந்து தடவிப் பார்த்து, "நம்ம வீட்டு டைல்ஸ் மூணு வருசத்துல பேந்து போச்சு" என்பாள்.

முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கை விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும். தலைக்கு மேல் மரக்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்கள். எண்ணிப்பார்க்கிறேன் என்று அத்தான் இறங்கி, முப்பதுக்கு மேல் கழுத்து வலித்து விட்டுவிட்டார். மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலை. சன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகக் காக்காப்பொன் (மைக்கா) தகடு, அதன் வழியாக மங்கிய வெளிச்சம் வரும். உப்பரிகை மாளிகையில் அறுபத்து நான்கு வகை மூலிகை மரங்களால் செய்த கட்டில். டச்சுக்காரர்கள் கொடுத்தது என்று ஊழியர் சொன்னதும், "அடிவாங்கிட்டு கட்டிலும் குடுத்தாங்களா?" என்றான் மருமகன். ஊழியரே சிரித்துவிட்டார்.

எனக்குப் பிடித்த இடம் ஊட்டுபுரை. மேலும் கீழும் இரண்டு நீளக் கூடங்கள், ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் என்று இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்டதாகச் சொல்வார்கள். ஊறுகாய்க்கான பரணிகள், அதாவது பெரிய ஜாடிகள், இன்னும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் மருமகனின் இடுப்பளவு. கட்டிலையும் நாற்காலியையும் பார்த்தால் ராஜா தெரிவார். இந்தக் கூடத்தில் நின்றால்தான் இலை போட்டவர், சாம்பார் வாளி தூக்கியவர், எச்சில் எடுத்தவர் எல்லாம் நினைவுக்கு வருகிறார்கள். கூட்டம் இந்த இடத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறது.

நாள் உங்கள் கையில் இருந்தால் நவராத்திரிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வாருங்கள். தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். சரஸ்வதி கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது ஐதீகம். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள், இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து நிற்கும். யானை மேல் சரஸ்வதி குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று நடந்தே போவாள். வழி நெடுக வாசலில் விளக்கு வைத்துக் காத்திருப்பார்கள். தலைநகரம் போய் இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நவராத்திரி கும்பிட அந்தத் தலைநகரத்துக்கு இன்னும் இங்கிருந்துதான் சாமி போக வேண்டியிருக்கிறது.

போக்குவரத்து பெரிய விஷயமில்லை. நாகர்கோவில், திருவனந்தபுரம் இரண்டு பக்கமிருந்தும் தக்கலைக்கு பஸ் உண்டு, அங்கிருந்து ஆட்டோ. ரயில் என்றால் இரணியல் ஸ்டேஷன். காலை ஒன்பதுக்கே உள்ளே போய்விடுங்கள். மதியம் ஒன்றுக்குச் சாப்பாட்டு இடைவேளைக்கு அடைப்பார்கள், பன்னிரண்டரைக்குப் போய் மாட்டினால் ஓட்டமாக ஓட வேண்டும். மாடிப்படிகள் குறுகலும் செங்குத்துமாக இருக்கும், வாசல் நிலைகள் தாழ்ந்தவை. முட்டிவலி உள்ள பெரியவர்களை பூமுகம், ஊட்டுபுரை, நவராத்திரி மண்டபம் என்று கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அத்தான் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டார்.

ஆக, ஒரு முழு நாள். அத்தான் இந்த வருடம் நவராத்திரிப் புறப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தேதி திங்கட்கிழமையா என்று என்னைக் கேட்கவில்லை, அக்காவிடம்தான் கேட்டிருக்கிறார்.