பச்சிளம் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல்: குழந்தைநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: பாப்பாவுக்கு இரண்டு மாதம். நேற்றிலிருந்து காய்ச்சல், பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். ஆனால் கழுத்தை நன்றாகத் திருப்புகிறாள். மூளைக்காய்ச்சலாக இருக்காதுதானே டாக்டர்?

பதில்: அம்மா, பதிலைப் பிறகு படிக்கலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைப்பு பல நேரம் வரவே வராது. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அன்றைக்கே காட்டியாக வேண்டும். நான் முதலில் பார்ப்பது அழுகையைத்தான். சாதாரணமாக அழும் குழந்தை தூக்கினால் அடங்கும். மூளைக்காய்ச்சலால் மூளை உறையில் சீழ் பிடித்த குழந்தை தூக்கும்போது இன்னும் வீறிடும், அசைவே வலி. அழாமல் நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தால் ஆபத்து. பிறந்து சில நாளே ஆன சிசுவுக்குக் காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டும் போகலாம்.

கேள்வி: பேரனுக்கு மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கணும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: இந்தப் பயத்தால்தான் பொன்னான நேரம் போகிறது. தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்கும் கீழேதான் ஊசி இறங்குகிறது. எடுப்பது சில மில்லிதான். தெளிந்த தண்ணீராக வர வேண்டியது அரிசி களைந்த நீர் மாதிரி கலங்கி வந்தால், அந்த நொடியே பாதி விடை தெரிந்துவிடும். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் மருந்து என்று முடிவு செய்ய முடியும். மெனிங்கோகாக்கஸ் என்றால் 7 நாள், நியுமோகாக்கஸ் என்றால் 10 முதல் 14, சிசுவுக்கு ஈ.கோலை என்றால் குறைந்தது 21. குழந்தை ரொம்ப மோசமாக இருந்தால் முதுகு ஊசியைத் தள்ளிப்போடுவோம், ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட மாட்டோம். சரி என்று கையெழுத்துப் போடுங்கள் ஐயா.

கேள்வி: மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. மிச்சத்தை சிரப்பாகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வாய்வழி மருந்து மூளை நீருக்குள் போதுமான அளவு போய்ச் சேராது.

கேள்வி: அரசு தடுப்பூசியே போதுமா?

பதில்: பெரும்பகுதிக்குப் போதும். மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமிக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி, இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியதே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். நியுமோகாக்கல் ஊசி 2021-இல் இங்கே வந்தது, 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், அப்புறம் 9-ஆம் மாதம். அந்த மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். மெனிங்கோகாக்கஸ் ஊசி மட்டும் வழக்கமான அரசு அட்டவணையில் இல்லை.

கேள்வி: மகன் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டான். இனி கவலையில்லையே?

பதில்: இந்த நோய் காதைப் பாதிக்கலாம். காது கேட்கும் சோதனை, அதாவது பெரா, எடுத்தாயிற்றா? டிஸ்சார்ஜ் ஆன நான்கு வாரத்துக்குள் எடுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள், ஒரு காது மட்டும் போயிருந்தால் வீட்டில் தெரியாது. கேட்கவே இல்லையென்றால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் ஆபரேஷன் செய்து பொருத்தும் கேட்புக் கருவி, உண்டு. ஆனால் இந்த நோய்க்குப் பிறகு உள்காதில் எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிடும், அதனால் மற்ற குழந்தைகளைப் போல மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷனுக்கு இடமிருக்கிறது.