டிஃபென்ஸ் வீரருக்கு உயரம் எவ்வளவு முக்கியம்? டிராஃப்ட் கேள்வி பதில்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள், நெருங்கினாலே இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும்: பதினெட்டு வயது டிஃபென்ஸ் பையன் குட்டையாக இருந்தால் எடுக்கலாமா, கூடாதா? வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஜூனியர் ஆட்டங்களைப் பல வருடமாகப் பார்த்துவருபவன் என்ற அளவில் என் பதில்கள் இவை.

டிஃபென்ஸ் வீரர் லேன் ஹட்சனை 61 பேருக்கு அப்புறம்தான் எடுத்தார்கள். அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் எல்லாம் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்?

ஒருவரும் தூங்கவில்லை. அமெரிக்காவின் 18 வயதுக்குட்பட்டோர் அணியில் அவர் ஆடியதை எல்லா அணிகளும் பார்த்திருந்தன. பக்கை (ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டை) வைத்துக்கொண்டு அவர் செய்யும் வித்தையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 5 அடி 9 அங்குல உடம்பு பெரியவர்கள் நடுவில் தாங்குமா என்பதுதான் பயம். இன்னும் வளர இடமிருக்கிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி அணிகளிடம் காட்டியதாகக்கூடச் செய்தி வந்தது.

2022 டிராஃப்ட் நடந்தது மொன்றியலில். அவரை எடுத்ததும் மொன்றியல்தான், ஆனால் 62ஆவது இடத்தில். அதற்கு முன்பு அந்த அணியே மூன்று பேரை எடுத்துவிட்டது. அதாவது அவரை நம்பிய அணியே மூன்று தடவை அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. 2024-25இல் அறிமுக வீரராக 66 புள்ளிகள். அதில் 60 அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு உதவியது). அந்த அசிஸ்ட் எண்ணிக்கை, அறிமுக டிஃபென்ஸ் வீரர்களில் லாரி மர்ஃபி வைத்திருந்த சாதனைக்குச் சமம். சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருதும் அவருக்கே.

நான் சொல்ல வருவது இதுதான். உயரம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் டிராஃப்ட் மேசையில் குட்டைக்காக வெட்டும் மதிப்பெண் அளவுக்கு மீறியது. புத்திசாலி அணிக்கு லாபம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அப்படியானால் உயரமானவர்களைத் தேடுவது வெறும் பழைய பழக்கமா?

இல்லவே இல்லை. 2023இல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்ற வேகஸ் அணியின் ஆறு முக்கிய டிஃபென்ஸ் வீரர்களைப் பாருங்கள். ஆறு பேரும் 6 அடிக்கு மேல். நிக்கோலஸ் ஹேக் 6 அடி 6.

உயரம் என்றதும் எல்லோரும் இடிப்பதைத்தான் நினைக்கிறார்கள். நிஜமான லாபம் கை நீளத்தில் இருக்கிறது. எதிரணி ஃபார்வர்டு வேகமாக இறங்கி வருகிறார், டிஃபென்ஸ் வீரர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இடைவெளியைக் காக்கிறார் என்று வையுங்கள். நீளமான கையும் நீளமான மட்டையும் இருந்தால், அந்த ஃபார்வர்டு இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கும்போதே பக்கைத் தட்டிவிடலாம். குட்டையானவர் அதே வேலையைச் செய்ய இன்னும் நெருங்க வேண்டும். நெருங்கினால் ஏமாந்துபோகும் ஆபத்தும் கூடும். போதாததற்கு விதியும் உயரத்துக்குச் சலுகை தருகிறது: மட்டையின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஆனால் 6 அடி 6 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் அனுமதி கேட்டு 65 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கோல் வாசல். பெனால்ட்டியில் ஒரு ஆள் குறைவாக ஆடும்போது 6 அடி 3 ஃபார்வர்டு ஒருவர் கோலியின் (கோல் காப்பாளரின்) கண்ணை மறைத்துக்கொண்டு அங்கே வந்து நிற்பார். அவரை நகர்த்த எடை வேண்டும். குட்டையானவர் அவருடைய மட்டையைத் தூக்கிவிடலாம், மோதலுக்கு முன்னாலேயே நல்ல இடம் பிடிக்கலாம். ஆனால் ஆளை நகர்த்த முடியாது.

முன்பெல்லாம் இப்படிச் சின்ன உடம்புக்காரர்கள் இருந்தார்களா? இப்போது மட்டும் ஏன் இத்தனை பேர்?

இருந்தார்கள், ஆனால் அரிது. பிரையன் ரஃபால்ஸ்கி 5 அடி 10. டிராஃப்டில் ஒருவரும் சீண்டவில்லை. ஐரோப்பாவில் ஆடிவிட்டுத் திரும்பி மூன்று கோப்பை வென்றார்.

வாசல் திறந்தது 2005இல். 2004-05 சீசன் முழுவதும் சம்பளத் தகராறில் நின்றுபோனது. திரும்பி வந்தபோது விதிகளை மாற்றினார்கள். மட்டையால் கொக்கி போட்டு இழுப்பது, கட்டிப்பிடிப்பது எல்லாவற்றுக்கும் நடுவர்கள் கண்டிப்பாக விசில் ஊத ஆரம்பித்தார்கள். அதுவரை பெரிய உடம்புக்காரர் தான் மெதுவாகச் சறுக்குவதை அந்தக் கொக்கியால்தான் மறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கோடுகளைத் தாண்டும் நீண்ட பாஸுக்கு இருந்த தடையும் போனது. ஆக, பின்னாலிருந்து ஒரே பாஸில் ஆட்டத்தைத் திறக்கத் தெரிந்தவனுக்கு மவுசு கூடியது.

இன்னொரு மாற்றத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கோலி மூலைக்குப் போய்ப் பக்கைத் தொடக் கூடாது என்று கோலுக்குப் பின்னால் ஒரு கட்டம் வரைந்தார்கள். அதனால் மூலையில் கிடக்கும் பக்கை எடுக்க டிஃபென்ஸ் வீரரே ஓட வேண்டும். துரத்தி வருபவரைக் கூட்டாளி குறுக்கே நின்று தடுத்தால் பெனால்ட்டி. முதுகுக்குப் பின்னால் ஆள் பறந்து வர, ஐஸைச் சுற்றியுள்ள சுவரைப் பார்த்துக்கொண்டு போய் எடுப்பது சாதாரண வேலை இல்லை.

டிஃபென்ஸ் வீரர் குவின் ஹியூஸ் அதைச் செய்வதைக் கவனியுங்கள். பக்கிடம் போவதற்குள் தோளுக்கு மேல் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார். தோளை ஒரு பக்கம் சாய்ப்பார், துரத்துபவர் அந்தப் பக்கம் எடை போட்டதும் மறுபக்கம் திரும்பிப் போய்விடுவார். இடி விழ வேண்டிய இடத்தில் ஆளே இருக்க மாட்டார். அடி வாங்காதவருக்கு 5 அடி 10 பெரிய குறை இல்லை.

ஹியூஸ், ஹட்சன் என்று ஜெயித்தவர்களை மட்டும் சொல்கிறீர்களே, தோற்றவர்கள்?

நியாயமான கேள்வி. பதில் 2018 டிராஃப்டிலேயே இருக்கிறது. ஏழாவதாக வான்கூவர் ஹியூஸை எடுத்தது. அடுத்த இடத்திலேயே சிகாகோ ஆடம் பூக்விஸ்டை எடுத்தது. அவரும் சின்னவர், 5 அடி 11. அவரும் பக்கோடு அழகாக ஆடுபவர். ஹியூஸ் 2024இல் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நாரிஸ் விருது வாங்கினார். பூக்விஸ்டைச் சிகாகோ 2021இல் சேத் ஜோன்ஸ் என்ற வீரருக்காகக் கொலம்பஸுக்குக் கொடுத்துவிட்டது. கொலம்பஸ் 2024இல் மீதி ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்து அனுப்பியது. நடுவில் காயங்களும் அவரைப் படுத்தின, அதையும் சொல்ல வேண்டும்.

அதே டிராஃப்டில் 21ஆவதாக சான் ஹோசே எடுத்த ரயன் மெர்க்லியும் அந்த ரகம்தான். பாஸ் போடுவதில் கெட்டிக்காரர், தற்காப்பில் கேள்விக்குறி. 39 ஆட்டங்களோடு என்.எச்.எல். வாழ்க்கை நின்றது.

சின்னவர் என்றாலே திறமைசாலி என்று நம்ப ஆரம்பித்தால் அதுவும் மூடநம்பிக்கைதான். நான் பார்ப்பது, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளே நேரத்துப் புள்ளிகளை அல்ல. ஜூனியரில் யார் வேண்டுமானாலும் அதில் புள்ளி சேர்க்கலாம். நெருக்கடியில் திரும்பிப் போய்ப் பக்கை எடுத்தபின் என்ன நடக்கிறது? சுவருக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுகிறானா, இல்லை கூட்டாளியின் மட்டைக்குப் போகிறதா? எதிரணி இறங்கி வரும்போது தன் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலேயே மறிக்கிறானா, கோலி வரைக்கும் பின்வாங்குகிறானா? குட்டையானவன் கோலி வரை பின்வாங்கினால் முடிந்தது கதை. அங்கே அவனுக்கு ஆயுதம் ஒன்றும் இல்லை.

18 வயதில் உயரத்தைத்தான் அளக்க முடிகிறது. அதுவாவது நிச்சயம்தானே?

முழுக்க இல்லை. கோல்டன் பராய்கோ பதின்ம வயதின் நடுவில் சின்னப் பையன். 2011 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2012இல் 86ஆவதாக செயின்ட் லூயிஸ் எடுத்தது. 6 அடி 6 வரை வளர்ந்து 2019இல் கோப்பை தூக்கினார். எல்லோரும் பராய்கோ ஆக மாட்டார்கள், சரி. உயரம் பெரும்பாலும் நின்றுவிடும், எடைதான் பின்னால் ஏறும்.

பிறந்த தேதியையும் பாருங்கள். செப்டம்பர் 15க்குள் 18 ஆகிறவர்கள் அந்த வருடம் தகுதி பெறுகிறார்கள். 2025இல் முதல் இடத்தில் போன மேத்யூ ஷேஃபர் பிறந்தது செப்டம்பர் 5. பதினோரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் இன்னொரு வருடம் காத்திருந்திருப்பார். ஒரே மேசையில் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசமுள்ள பையன்களை நிறுத்தி எடை பார்ப்பதில் என்ன அர்த்தம்?

மறுபக்கமும் உண்டு. 6 அடி 9 ஸ்டேனோ சாராவே 1996இல் 56ஆவதாகத்தான் போனார். அவரை எடுத்த நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணி 2001இல் ஒட்டாவாவுக்கு விட்டுக்கொடுத்தது. 2009இல் நாரிஸ், 2011இல் பாஸ்டன் கேப்டனாகக் கோப்பை. நீளமான உடம்பை இயக்கக் கற்றுக்கொள்ளவும் காலம் பிடிக்கும்.

சென்னையில் ஃபீல்டு ஹாக்கி ஆடியவன் நான். எங்கள் ஃபுல்பேக்குகள் பாதிப் பேர் குட்டைதான். ஐஸில் மட்டும் ஏன் இந்தக் கூத்து?

உங்கள் ஆட்டத்தில் உடம்பால் இடித்தால் ஃபவுல். இங்கே பக் வைத்திருப்பவரைத் தோளால் இடிக்கலாம், சுற்றிலும் சுவர் வேறு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரே அணியில் எத்தனை சின்ன டிஃபென்ஸ் வீரர்களை வைக்கலாம்?

இரண்டு வரை தாங்கும் என்பது என் கணக்கு. 2022இல் கோப்பை வென்ற கொலராடோவில் கேல் மகார் 5 அடி 11, சாமுவேல் ஜிரார்ட் 5 அடி 10. கூடவே ஜாஷ் மேன்சன், எரிக் ஜான்சன் மாதிரி பெரிய உருவங்கள். ஜிரார்ட் இரண்டாம் சுற்றில் ஓர் இடியில் மார்பெலும்பு முறிந்து வெளியேறினார். மூன்றாவது ஒருவரும் அதே அளவில் இருந்தால் பெனால்ட்டி நேரத்தில் யாரை அனுப்புவது? அதனால்தான் ஏற்கெனவே இரண்டு பேர் உள்ள அணி மூன்றாவது நல்ல சின்னப் பையனைத் தாண்டிப் போகும். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கிறோம், அண்ணா. மகனுக்கு 14. டிஃபென்ஸ் ஆடுகிறான், அணியிலேயே சின்னவன் அவன்தான். ஃபார்வர்டாக மாற்றிவிடு என்கிறார் கோச்.

அவசரப்படாதீர்கள். பீவீ எனப்பட்ட 11-12 வயதுப் பிரிவில் உடம்பால் இடிப்பதை ஹாக்கி கனடா 2013இலேயே எடுத்துவிட்டது. அதனால் இடி இருக்கும் பிரிவுகளில் இந்த வயதில்தான் பிள்ளைகள் முதல்முறை அதைச் சந்திக்கிறார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன் ராஜா மாதிரி தெரிவான், மூன்று வருடம் கழித்து மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். மகனுக்கு ஜிம்மை விட, மூலையில் சுவரை எந்தக் கோணத்தில் அணுகுவது, இடியை எப்படி வாங்குவது என்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்த்து ஆடுவது அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக: 6 அடி 5 பையன் ஒருவன், 5 அடி 9 பையன் ஒருவன். யாரை எடுப்பீர்கள்?

எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. 2008 டிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் எடுத்த கோல்டன் டூபர்ட் 6 அடி 4. என்.எச்.எல்.லில் மொத்தம் 24 ஆட்டம். 15ஆவதாக, அதற்கென்றே மூன்று இடம் மேலே ஏறி வந்து, ஒட்டாவா எரிக் கார்ல்சன் என்ற ஒல்லிப் பையனை எடுத்தது. மூன்று நாரிஸ். ஆனால் அதே சுற்றில் 12ஆவதாகப் போன 6 அடி 8 டைலர் மையர்ஸ் 2010இல் கால்டர் வாங்கினார். ஆக முதல் சுற்றில், நெட்டையன் இரண்டு பக்கமும் தடுமாறாமல் திரும்பினால் அவனைத்தான் எடுப்பேன். திரும்பத் தெரியாவிட்டால் வேண்டாம்.

150ஆவது இடம் என்றால் யோசிக்கவே மாட்டேன், சின்னவன்தான். அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் நெட்டையர்கள் சறுக்கத் தெரியாதவர்கள். மிச்சமிருக்கும் குட்டையர்களோ பலர் உயரத்துக்காக மட்டும் தள்ளப்பட்டவர்கள். அதே 2008இல் 156ஆவதாக ஐலாண்டர்ஸ் எடுத்த ஜாரெட் ஸ்பர்ஜன் 5 அடி 9. அவருடன் ஒப்பந்தம்கூடப் போடவில்லை. 2010இல் மினசோட்டா முகாமுக்குச் சோதனை ஆட்டத்துக்கு வந்தார். 2021இல் அந்த அணிக்கே கேப்டன்.