தண்டுவட நரம்பு ஏன் மறுபடி வளர்வதில்லை? கேள்வி பதில்

கேள்வி: தம்பிக்கு மணிக்கட்டில் கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தது. தைத்த பிறகு மெல்ல உணர்ச்சி திரும்பியது. தண்டுவடத்தில் மட்டும் ஏன் இப்படி நடப்பதில்லை?

பதில்: கை நரம்பில், நரம்பு இழைகளுக்கு உறை போடும் ஷ்வான் செல்கள் இருக்கின்றன. இழை அறுந்ததும் சிதைந்ததை அகற்ற உதவி, வளர்ச்சிக்கு வேண்டியதைச் சுரந்து, வரிசையாக நின்று வழிவிடும். இழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். தண்டுவடத்தில் இழைக்கு உறை போடுவது வேறு செல்கள். அந்த மயலின் உறையில் உள்ள நோகோ-ஏ போன்ற புரதங்கள், வளர வரும் நுனியைச் சுருங்க வைக்கும். சிதைந்த உறையும் சீக்கிரம் அகலாது.

கேள்வி: அப்போ அந்த இழைகளுக்கு வளரும் திறனே கிடையாதா டாக்டர்?

பதில்: உண்டு. 1981இல் கனடாவின் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற ஆய்வாளர்கள் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை எடுத்து, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். அதற்குள் இழைகள் சில சென்டிமீட்டர் வளர்ந்தன! ஆனால் மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டன. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுதான்.

அதற்காகப் பழியை முழுக்கச் சுற்றுப்புறத்தின் மேல் போடவும் முடியாது. வளர்ந்த நரம்பு செல் தன் வளர்ச்சி வேகத்தைத் தானே அடக்கி வைக்கிறது. அப்படி அடக்கும் பிடென் (PTEN) என்ற மரபணுவை நீக்கிய எலிகளில், தண்டுவட இழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்ததை 2010இல் காட்டினார்கள்.

கேள்வி: தண்டுவடத்தில் காயம்பட்ட இடத்தில் உருவாகும் தழும்புதான் தடை என்கிறார்கள். வெட்டி எடுத்துவிட்டால்?

பதில்: வேண்டாம். தழும்பில் உள்ள சில சர்க்கரைப் புரதங்கள் தடுப்பது உண்மை. அவற்றை நொதியால் கரைத்தபோது எலிகளின் நடை மேம்பட்டது, 2002இல். ஆனால் தழும்பே உருவாகாமல் தடுத்துப் பார்த்த 2016 ஆய்வில் இழைகள் வளரவில்லை. அழற்சி பரவாமல் கட்டி வைப்பதும் அதே தழும்புதான்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: தண்டுவடக் காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: விபத்து நடந்து நாலு மாதம் கழித்து அப்பாவின் கால் விரல் அசைகிறது. நரம்பு வளர்ந்துவிட்டதா?

பதில்: அறுந்த இழை நீளமாக வளர்ந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அறுபடாமல் தப்பிய இழைகள் பக்கக் கிளை விட்டுப் புதிய இணைப்பு போட்டிருக்கும். நல்ல செய்திதான். டாக்டரிடம் உடனே காட்டி மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள், பிசியோதெரபியை விடாதீர்கள். அப்புறம், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.