போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால் என்ன செய்வது?

பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி பெட்ரோல் பங்க் இருக்கிறது. இந்த மழைக்குப் பிறகு போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை வருகிறது. டேங்கில் கசிவே இல்லை என்கிறார் பங்க்காரர். காய்ச்சிக் குடிக்கலாமா? யாரிடம் போவது?”

காய்ச்சவே வேண்டாம் அம்மா. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். சூடுபட்டதும் அது அடுப்படிக் காற்றில் கலந்துவிடும். அந்தத் தண்ணீரைச் சுடவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பதும் அதே ஆபத்துதான். ஆர்.ஓ. மெஷினையும் நம்பாதீர்கள். காவேரித் தண்ணீரையும் அதே சம்பில்தான், அதாவது நிலத்தடித் தொட்டியில்தான், விடுகிறீர்கள் என்றால் அதுவும் கெட்டிருக்கும்; தனி டிரம்மில் பிடியுங்கள். சம்பைக் கழுவ யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும்.

பங்க்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். டேங்க் நன்றாக இருந்து, குழாய் இணைப்பில் கசிவது உண்டு. ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் டேங்கில் தினமும் ஒரு லிட்டர் குறைந்தால் அளவுகோலில் தெரியாது. ஆனால் அந்த ஒரு லிட்டர் என்ன செய்யும் என்று பாருங்கள். இந்தியாவின் பி.எஸ்.6 தர விதிப்படி பெட்ரோலில் பென்சீன் 1% வரை இருக்கலாம், அதாவது லிட்டருக்குச் சுமார் 8.8 கிராம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புவரை கொண்டுபோக அது போதும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எழுபதுக்கும் மேல்!

சரி, பங்க் மேல் கைகாட்டும் முன் உங்கள் மோட்டாரையும் பாருங்கள். ஆயில் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் சீல் போனால் தண்ணீரில் படலம் மிதக்கும், ஆனால் பெட்ரோல் வாடை இருக்காது. இரும்பு பாக்டீரியாவாலும் வானவில் நிறப் படலம் வரும். குச்சியால் தொட்டால் சில்லு சில்லாக உடையும். எண்ணெய்ப் படலம் மறுபடி ஒன்றுகூடும்.

அப்புறம் லேப். சாதாரண குடிநீர் டெஸ்டில் பென்சீனைப் பார்ப்பதில்லை. என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்று எழுதிக் கேளுங்கள். தண்ணீரைச் சம்பிலிருந்து எடுக்காதீர்கள், போரிலிருந்து நேராகப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. லேப் தரும் 40 மி.லி. கண்ணாடிக் குப்பியை, உள்ளே இருக்கும் அமிலம் வழியாமல், ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். கலந்திருப்பது பெட்ரோலா, டீசலா, தின்னரா என்பதையும் அங்கேயே கண்டுபிடிக்கலாம்.

மழைக்குப் பிறகு வாடை வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். நீர்மட்டம் ஏறும்போது கூடவே மேலே வரும். கேசிங் பைப்பை (போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கும் குழாய்) சுற்றிச் சரியாக அடைக்காத போர் என்றால் அந்த இடுக்கு வழியாகவே இறங்கிவிடும். நம் ஊரில் அடியில் பாறை. வெடிப்பு போகும் பக்கம்தான் தண்ணீரும் போகும். பங்க்கை ஒட்டிய வீட்டுப் போர் சுத்தமாக இருந்து, உங்களுடையது கெட்டிருக்கலாம். அதனால் தெருவில் எல்லாப் போர்களிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள்.

அந்த அறிக்கைகளோடு கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பங்க்கின் எண்ணெய் நிறுவனத்துக்கும் பிரதி போகட்டும். டேங்கோடு குழாய்களுக்கும் கசிவுச் சோதனை, மண் மாதிரி, நீர் ஓடும் திசையை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் என்று குறிப்பிட்டே கேளுங்கள். மோட்டாரை ஓட்டி ஓட்டி வாடையைப் போக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கசிவு உங்கள் பக்கம் இழுபடும். போரை மூடிவிடவும் வேண்டாம், அடுத்த மாதிரியை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாடை நின்றாலும் கோடையில் ஒருமுறை டெஸ்ட் செய்யுங்கள். ஏனென்றால், தண்ணீரில் பென்சீன் மேலே சொன்ன குடிநீர் வரம்பைப்போல் ஆயிரம் மடங்கு இருந்தால்தான் அதன் வாடை மூக்குக்கு எட்டும்.