கால்ப்ரோடெக்டின் 180: மறுபடியும் கொலனோஸ்கோப்பி வேண்டுமா?

கேள்வி: எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய். மெசலமின் மாத்திரையில் ஒரு வருடமாக ரத்தப்போக்கு இல்லை. மோஷனும் ஒழுங்காகப் போகிறது. ஆனால் மலப் பரிசோதனையில் போன முறை 60 இருந்த கால்ப்ரோடெக்டின் இப்போது 180. மூட்டு வலிக்கு மூன்று வாரமாக டைக்ளோஃபெனாக் எடுக்கிறேன். நோய் திரும்பிவிட்டதா? கொலனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டுமா?

பதில்: இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு, அதே லேபில் இன்னொரு முறை பாருங்கள். குழாயில் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி அதற்கு அடுத்த படி.

நார்வேயைச் சேர்ந்த மாக்னே ஃபாகர்ஹோல் 1980-இல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான் கால்ப்ரோடெக்டின். குடல் சுவரில் அழற்சி வந்தால் நியூட்ரோஃபில்கள் அங்கே குவிகின்றன, சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து மலத்தோடு வெளியேறுகின்றன. கால்சியத்தோடு பிணைந்திருக்கும் இந்தப் புரதத்தைக் குடல் கிருமிகளின் நொதிகள் எளிதில் சிதைப்பதில்லை. அதனால்தான் ஆர்னே ரோசெத், ஃபாகர்ஹோல் குழுவினரால் 1992-இல் அதை மலத்தில் அளந்து காட்ட முடிந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் குழாய் விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையை மாற்றியது அந்த வேலை. குடல் நோயாளிகளுக்குக் கிடைத்த பெரிய நிம்மதிகளில் ஒன்று என்றே சொல்வோம்.

ஆனால் நியூட்ரோஃபில் வந்திருக்கிறது என்பதை மட்டுமே இந்த எண் சொல்லும், ஏன் வந்தது என்று சொல்லாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளே குடலைப் புண்ணாக்கி அளவை ஏற்றும். பான்டோபிரசோல் வகை அசிடிட்டி மாத்திரை, சீதபேதி, கெட்டுப்போன சாப்பாடு, குடல் காசநோய், குடல் புற்று எல்லாவற்றிலும் ஏறும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் இது முக்கியம்: கிரோன் நோயா (இதுவும் ஒரு நாள்பட்ட குடல் அழற்சி), குடல் காசநோயா என்று இந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

பொதுவாக ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 250-ஐத் தாண்டினால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். இடையில் இருப்பதைச் சூழ்நிலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உங்களைப் போல அறிகுறி இல்லாத கோலைட்டிஸ் நோயாளிகளுக்கு 150-ஐக் கோடாக வைக்கிறது அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல். 180 அதைச் சற்றே தாண்டுகிறது, கூடவே வலி மாத்திரையும் இருக்கிறது.

வலிக்கு இப்போதைக்கு பாராசிட்டமால் போதும். ஆனால் மூட்டு வலியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இந்த நோயே மூட்டைப் பிடிப்பதுண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மெசலமினையும் அப்படித்தான், நன்றாக இருக்கிறதே என்று இடையில் சில வேளை விட்டிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்திய பிறகு குறைந்தது இரண்டு வாரம் கழித்து மாதிரி கொடுங்கள். காலையில் முதலில் போகும் மலம் நல்லது. இரண்டு மோஷனுக்கு இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்து மாதிரியைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். கழிப்பறைத் தண்ணீரோ சிறுநீரோ படாமல், சுத்தமான காகிதத்தில் பிடித்து, டப்பா மூடியிலுள்ள சிறு கரண்டியால் எடுங்கள். மாதவிடாய் நாட்களில் வேண்டாம். அறை வெப்பத்தில் ஒரு வாரம் கெடாது என்று முதலில் நம்பப்பட்டது, ஆனால் மூன்று நாளுக்கு மேல் அளவு குறைவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. வெயில் காலத்தில் மேசைமேல் கிடந்த மாதிரி பொய்யான நல்ல செய்தியைத் தந்துவிடும். அன்றே லேபில் கொடுங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். லேபை மாற்றினால் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் கிட்டும் மாறலாம். ஒரே மாதிரியையே இரண்டு கிட்டில் போட்டால் எண் கணிசமாக வேறுபடும்.

இரண்டாவது ரிப்போர்ட்டும் 150-க்கு மேல் இருந்தால் உள்ளே பார்ப்பதுதான் சரி. பெரும்பாலும் முழுக் கொலனோஸ்கோப்பி தேவைப்படாது. குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பியே போதும். எண்ணை மட்டும் நம்பி ஸ்டீராய்டு தொடங்க வேண்டாம்.

இதற்கிடையில் ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையில் சேருங்கள்.