கனடாவில் ஈரி ஏரிக் கரையில் இருக்கும் ரொண்டோ பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்க மே மாதம் நல்லதா, ஜூலையா?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், தண்ணீரில் விளையாட வேண்டும் என்பார்கள், சரிதானே? அப்படியானால் ஜூலை. மே மாதத்து ஈரி ஏரியில் கால் வைத்தாலே எலும்பு வலிக்கும். ஜூலை வார இறுதிக்கு இடம் வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும். ஐந்து மாதம் முன்பே பதிவு திறந்துவிடும்.

ஆனால் வடக்கே வலசை போகும் பறவைகளைப் பார்க்க ஒருமுறையாவது மே நடுவில் போங்கள். நான் பறவை பார்க்கிறவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிறுக்கு என் மனைவிக்குத்தான். அவளுக்காகப் போன முதல் ராத்திரியே வடக்குக் காற்றும் மழையும். மூன்று மணிக்குக் கூடாரத்தின் ஒரு மூலை கழன்று என் தலையணை நனைந்தது. காரணம், போன கோடையில் கூடாரத்தை இரவல் வாங்கிய என் மைத்துனர். பன்னிரண்டு ஆணி கொடுத்தேன், ஏழுதான் திரும்பி வந்தது. கேட்டால் "கடையில் கிடைக்கும்தானே" என்கிறார். கிடைக்கும்தான். நடுக்காட்டில், ராத்திரி மூன்று மணிக்கு?

ஆறு மணிக்கு மனைவி எழுப்பினாள். திட்டிக்கொண்டே தெற்கு முனைப் பாதையில் நடந்தேன். இருநோக்கி மாட்டிய பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் செருப்புக்கு இரண்டடி தள்ளி, ஈரச் சருகுமேல் ஒரு குருவி. தொண்டை தணல் நிறம். ப்ளாக்பர்னியன் வார்ப்ளராம். வழக்கமாக மரத்து உச்சியில் கழுத்து வலிக்க அண்ணாந்து தேட வேண்டிய பறவை, குளிர்காலத்தைத் தென் அமெரிக்க மலைகளில் கழிப்பது. எடை பத்து கிராம் அளவில். ராத்திரியோடு ராத்திரியாக ஏரியைக் கடக்கும்போது எதிர்க்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால், கண்ணில் பட்ட முதல் கரையில் அப்படியே இறங்கிவிடுமாம். எங்களைப் பார்த்து நகரக்கூட இல்லை. ஒரு பூச்சியைக் கொத்தியது, கண்ணை மூடியது, மறுபடி கொத்தியது. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

"கொடுத்துவைத்தவன், மழை பெய்தது" என்று பறவைக்காரர்கள் கிண்டல் செய்யலாம். செய்யுங்கள். எல்லாரும் தேடி வரும் புரோத்தோனோட்டரி வார்ப்ளரை நான் பார்க்கவே இல்லை. தண்ணீரில் நிற்கும் மரப் பொந்தில் கூடு கட்டும், கனடாவில் அருகிப்போன பறவை.

அப்புறம், ரொண்டோ 1894-லேயே பூங்காவான காடு. துலிப் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பாதையை விட்டு இறங்கிவிடாதீர்கள். மூன்று மூன்று இலையாகத் தெரிவது பாய்சன் ஐவி, பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். திரும்பி வந்ததும் பிள்ளைகளின் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளம்புமுன் கூடார ஆணிகளை எண்ணிவிடுங்கள். மைத்துனர் இந்த இணையதளத்தில்தான் இருக்கிறார், படிக்கட்டும்.