ஊதி நிரப்புற பவர் கைட்டைத் தரையில ஓட்டினா எவ்வளவு நாள் தாங்கும்?

பூச்சோங்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: கடல்ல ஓட்டின 9 சதுர மீட்டர் டியூப் கைட், அதாவது குழாய்ல காத்து ஊதி நிரப்பி ஆளையே இழுக்கிற பெரிய பட்டம், ஒண்ணு மலிவா வருது, மவுண்டன் போர்டுக்கு, அதாவது சக்கரம் வெச்ச பலகைக்கு, தரையில மட்டும் வெச்சு ஓட்டப்போறேன், எத்தனை வருஷம் தாங்கும், வாங்கலாமான்னு.

தம்பி, நான் பட்டர்வொர்த் பக்கம் கேன்வாஸ் தைக்கிறவன். லாரி தார்ப்பாய், படகு மூடி, கடை வாசல் ஆவ்னிங், இதுதான் சோறு போடுற வேலை. கைட் ஓட்டுறது பைத்தியம். அதனால கூட்டாளிங்க கிழிச்சிட்டு வர்றதெல்லாம் கடைசியில என் மெஷின்ல வந்துதான் படுக்கும், அதைப் பிரிச்சுப் பார்த்துப் பார்த்து எனக்குன்னு ஒரு கணக்கு வந்திருக்கு. தரையில ஓட்டுற டியூப் கைட்டுக்கு வயசை வருஷத்துல எண்ணாதீங்க, எத்தனை தடவை மூக்கு குத்தி விழுந்துச்சு, விழுந்த இடம் என்ன, வீட்டுல எப்படி வெச்சிருந்தாங்க, இந்த மூணுதான் வயசு. மூணு வருஷக் கைட்டு புதுசு மாதிரி இருந்ததையும் பார்த்திருக்கேன், பெட்டி பிரிச்ச மாசமே முன் தையல் வாய் பிளந்து வந்ததையும் பார்த்திருக்கேன்.

முதல்ல அது எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். முன்னாடி வளைவா ஒரு பெரிய குழாய், அதுலேர்ந்து பின்னால போற சின்னக் குழாய்ங்க, ஸ்ட்ரட்டுன்னு சொல்வாங்க, மூணோ அஞ்சோ இருக்கும். இந்த யோசனை ஃபிரான்ஸ்ல பிரிட்டனி பக்கத்து லெகேன்யு அண்ணன் தம்பி ரெண்டு பேரோடது, 1984லயே பேட்டண்ட் போட்டாங்க. எதுக்குப் போட்டாங்க? கைட்டு தண்ணியில விழுந்தா முழுகாம மிதக்கணும், தூக்கிவிட ஆளு இல்லாம அங்கேருந்தே திரும்பப் பறக்கணும். அதாவது இந்தச் சாமான் பொறந்ததே தண்ணியில விழறதுக்கு. தண்ணி விட்டுக்கொடுக்கும், பாடாங், அதான் புல் மைதானம், விட்டுக்கொடுக்காது.

குழாய்க்குள்ள பிளேடர்னு ஒரு மெல்லிசான பாலியூரித்தேன் பை, அதுக்கு மேல டேக்ரான் துணி உறை. சைக்கிள்ல டியூபும் டயரும் இருக்கிற மாதிரிதான்: காத்தைப் பிடிச்சு வெக்கிறது பிளேடர், அழுத்தத்தைத் தாங்குறது டேக்ரான். டேக்ரான்ல விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தாப் போதும், உள்ள இருக்கிறது அந்த வழியா பலூன் மாதிரி பிதுங்கி வெளிய வந்து டமார்னு போயிடும். நிறைய பேரு பிளேடர்தான் வீக்குன்னு நெனச்சு பிளேடரை மாத்திட்டு திரும்பவும் அதே இடத்துல வெடிச்சு வந்து நிப்பாங்க, உறையைப் பார்க்கவே மாட்டாங்க.

தையல்காரன் கணக்கு ஒண்ணு சொல்றேன், கேளுங்க. குழாய் நடுவுல 10 சென்டிமீட்டர் குறுக்களவு, 8 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு) காத்து அடிச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். அழுத்தத்தையும் குழாயோட ஆரத்தையும் பெருக்கினா தையலோட ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கிட்டத்தட்ட 2.8 கிலோ இழுப்பு வரும். குழாய் 15 சென்டிமீட்டர்னா அதே காத்துக்கு 4.2 கிலோ. அதனாலதான் தடிச்ச குழாய் உள்ள பழைய கைட்டுக்குக் குறைச்ச பிஎஸ்ஐயும், மெலிசான புது மாடலுக்குக் கூட பிஎஸ்ஐயும் சொல்றாங்க. வால்வு பக்கத்துல எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கும், அதைப் பாருங்க, கூட்டாளி சொன்னான்னு கண்டபடி அடிக்காதீங்க. இது சும்மா நிக்கிறப்போ இருக்கிற இழுப்பு. காத்து நல்லா இருக்கிற நேரம் பவர் அதிகமா இருக்கிற நடு இடத்துல கைட்டு தலைகீழா வந்து தரையில குத்துச்சுன்னா குழாய் ஒரு நொடி நசுங்கும், உள்ள இருக்கிற காத்துக்குப் போக இடம் கிடையாது, அழுத்தம் சட்டுனு ஏறும், எங்க தையல் பழசோ அங்க வாய் திறக்கும். பெரும்பாலும் நடுவுலயோ, ஸ்ட்ரட்டு வந்து சேர்ற மூலையிலயோதான்.

இன்னொண்ணு நம்ம வெயில். காலையில 28 டிகிரியில 8 பிஎஸ்ஐ அடிச்சிட்டு, ஓட்டாம மணல்ல போட்டுட்டு நிழல்ல உக்காந்து தே தாரிக் குடிச்சா, கருப்புத் துணி சூடேறி உள்ள காத்து 50 டிகிரிக்குப் போனா அழுத்தம் 9.6 பிஎஸ்ஐ பக்கம் வந்துடும். நீங்க பம்பையே தொடலை, ஆனாலும் ஏறிடுச்சு பாருங்க. அதனால உச்சி வெயில்ல ஓட்டுறவங்க கொஞ்சம் குறைச்சே அடிங்க, ஓய்வு எடுக்கிறப்போ நிழல்ல போடுங்க, இல்ல காத்தைக் கொஞ்சம் இறக்கி விடுங்க.

சரி, விழற இடம். மெத்துன்னு ஈர மணல்னா டியூப் கைட் நல்லாவே தாங்கும், அதுல சந்தேகம் இல்ல. மோரிப் கடற்கரை மாதிரி தண்ணி வத்தினா அகலமா வெளிய தெரியற இடம் நல்ல இடம்தான், ஆனா நடந்து பார்த்து சிப்பி இல்லாத பகுதியாப் பார்த்து ஓட்டணும். பினாங்குல எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கம்மி, பத்து ஃபெரிங்கில மணல் இருக்கு ஆனா ஆளு, பாராசெயிலிங், ஜெட் ஸ்கீ எல்லாம் சேர்ந்து இடமே கிடையாது, மத்த பக்கம் நிறைய சேறு, சேத்துக்குள்ள கெராங் சிப்பி ஓடு கத்தி மாதிரி நிமிர்ந்து நிக்கும். அறுவடை முடிஞ்ச வயல் சும்மா கிடக்கேன்னு செபராங் பிறை வடக்குல போய் இறங்குறவங்க உண்டு, பார்க்க அழகா விரிஞ்சு கிடக்கும், காத்தும் தடையில்லாம வரும், ஆனா அறுத்த தாளு காஞ்சு ஊசி மாதிரி நிக்கும், கைட்டு மல்லாந்து விழுந்தா மேல் துணி சல்லடைதான். தாமான் பாடாங்னா, அதாவது குடியிருப்புப் பக்கத்து மைதானம்னா, தொட்டாச்சிணுங்கி. அந்த முள்ளு சின்னதுதான், ஆனா உறையைத் தாண்டி பிளேடர் வரைக்கும் போயிடும், ஓட்டை கண்ணுக்கே தெரியாது, அரை மணி நேரத்துல குழாய் தொய்ஞ்சு கைட்டு கோணலா பறக்க ஆரம்பிக்கும். தார் ரோடு, கார் பார்க், சிமெண்டு பத்திப் பேசவே வேணாம். அங்க விழக்கூட வேணாம், இறக்குறப்போ நுனி ரெண்டும் உரசுற உரசலே டேக்ரானைத் தேச்சுடும்.

இறக்குறதுன்னு சொன்னேன்ல, தரையில நிறைய தேய்மானம் அங்கதான். பறக்கிறப்போ இல்ல. ஆள் யாரும் பிடிக்காம தனியா இறக்குறவங்க கைட்டை ஓரமா கொண்டு வந்து நுனியைத் தரையில உரசி உரசி நிறுத்துவாங்க, மாசக்கணக்குல அதே நுனி, அதே பக்கம். அடுத்து நிறுத்தி வெக்கிற விதம். முன் குழாயைக் காத்துப் பக்கம் கவுத்து, துணி மேல மணலை அள்ளிப் போடறது வழக்கம், சரிதான், ஆனா பின் ஓரம் படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்தா துணிமேல இருக்கிற பூச்சு உடைஞ்சு, ஓரத் தையல் ஒவ்வொண்ணா விடும். ரெண்டு மணி நேரம் ஓட்டினதைவிட ரெண்டு மணி நேரம் படபடக்க விட்டது கைட்டை அதிகமா கெடுக்கும்னு நான் அடிச்சே சொல்வேன். கல்லை எடுத்து வெக்காதீங்க, துணிப் பையில மணல் கட்டி வெச்சுக்குங்க.

மேல் துணி ரிப்ஸ்டாப் பாலியெஸ்டர், சதுர மீட்டருக்கு 50 கிராம் பக்கம்தான் எடை, பார்க்க சீட்டுக் காகிதம் மாதிரி இருந்தாலும் அது சுலபமா கிழியாது. அதுக்கு எதிரி வெயிலும் மடிப்பும். நல்ல துணி கசக்கினா சரசரன்னு சத்தம் போடும், செத்த துணி பழைய சட்டை மாதிரி சத்தமில்லாம தொங்கும். அந்த நிலைமைக்கு வந்ததை நான் தைக்கவே மாட்டேன், ஒரு பக்கம் தைச்சா பக்கத்துல கிழியும், ஊசி போட்ட ஓட்டை வழியாவே கிழியும், தபால் தலையைக் கிழிக்கிறதுக்கு ஓட்டை போட்டு வெச்சிருப்பாங்களே, தையலே அந்த வேலையைப் பண்ணிடும்.

நம்ம ஊருக்குன்னே ஒரு நோய் இருக்கு, குளிர் நாட்டுக்காரங்க அதைப் பெருசா சொல்ல மாட்டாங்க. புழுக்கம். பாலியூரித்தேன் ஈரத்திலயும் சூட்டிலயும் சேர்ந்து கிடந்தா மெதுவா உடையும், பிளேடர் உள்ளுக்குள்ள பிசுபிசுன்னு ஒட்டும், வால்வு அடியில இருக்கிற பசை விட்டுடும். காடி பின்னாடி டிக்கியில கைட்டை உருட்டிப் போட்டு அலுவலகத்துக்குப் போய் வெயில்ல நிறுத்துறாங்க பாருங்க, அவங்க எல்லாம் எனக்குப் படியளக்கிறவங்க. ஓட்டாமலேயே கெடுத்துட்டு வருவாங்க. காஞ்சதுக்கு அப்புறம் மடிங்க, தளர்வா சுருட்டுங்க, வீட்டுக்குள்ள ஃபேன் காத்து படற இடத்துல வைங்க. உப்புத் தண்ணி பட்டிருந்தா நல்ல தண்ணியில அலசிட்டு காய வைங்க, மணலை உதறுங்க, வால்வு வாயில மணல் இருந்தா அது அப்படியே உள்ள போய் பிளேடரை அறுக்கும்.

ரிப்பேர் பத்தி கொஞ்சம். மேல் துணியில சின்ன ஓட்டைன்னா ஸ்பிரிட் போட்டு துடைச்சிட்டு ரிப்ஸ்டாப் டேப் ரெண்டு பக்கமும் ஒட்டுங்க, மூலையை வட்டமா வெட்டணும், கூரா விட்டா அங்கிருந்து உரியும். முன் குழாயோட டேக்ரான்னா டேப் மட்டும் போட்டு ஏமாறாதீங்க, வெயில்ல பசை இளகி இழுப்புக்கு நகர்ந்துடும், அங்க துணி வெச்சு தைக்கணும், பாலியெஸ்டர் நூல், ஜிக்ஜாக் தையல், நெருக்கமா வேணாம். தைக்கிறதுக்கு முன்னாடி பிளேடரை வெளிய உருவணும். உருவறதுக்கு முன்னாடி ரெண்டு நுனியிலயும் நீளமா கயிறு கட்டிக்கணும், இல்லன்னா திரும்ப உள்ள இழுக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி இழுங்க, பாதிக் காத்து அடிச்சு முறுக்கு இருக்கான்னு பாருங்க, இறக்கிட்டு திரும்ப அடிங்க, அப்புறம்தான் முழுசா. பிளேடர் ஓட்டைக்கு சைக்கிள் கடை ரப்பர் பேட்சும் அந்தப் பசையும் நிக்காது, இது ரப்பர் இல்ல, பாலியூரித்தேனுக்குன்னு வர்ற ஒட்டும் பேட்ச்தான் வேணும். ஓட்டையைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணி போதும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். தரையில மட்டும்தான் ஓட்டப்போறீங்க, கடலுக்குப் போகப்போறதே இல்லன்னா, நான் டியூப் கைட் வாங்கச் சொல்ல மாட்டேன். ஃபாயில் கைட் வாங்குங்க. அதுல குழாயே கிடையாது, அறை அறையா தைச்ச துணிக்குள்ள காத்து தானா நுழைஞ்சு நிக்கும், வெடிக்கிறதுக்கு பிளேடர் இல்ல, பம்ப் தூக்க வேணாம். நியூசிலாந்துல பீட்டர் லின் கைட் இழுக்கிற மூணு சக்கர வண்டியைப் பிரபலமாக்கினாரு, அந்தத் தரை ஓட்டக்காரங்க கூட்டமெல்லாம் வளர்ந்ததே ஃபாயில் வெச்சுத்தான். அதுவும் பலமா குத்தினா உள் தடுப்புத் துணி கிழியும், வாய் மூடின வகைன்னா இன்னும் சுலபமா கிழியும், கயிறு நிறைய இருக்கிறதால செடியில சிக்கினா உயிரை வாங்கும், ஆனா கிழிஞ்சதை நேரா தைச்சுடலாம். ஃப்ளைசர்ஃபர் பீக் மாதிரி ஒரே அடுக்குத் துணி வகையும் இருக்கு, நம்ம உள்நாட்டு மெல்லிசுக் காத்துக்கு எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், விழுந்தா பொத்துன்னு சுருங்கிப் படுத்துக்கும்.

டியூப்புக்குன்னு ஒரு நியாயம் இல்லாம இல்ல. காத்து தாறுமாறா வந்தாலும் அது உருவம் கலையாது, 2005 பக்கம் வந்த 'போ' (bow) வகைக் கைட்டுங்களுக்கு அப்புறம் கையில பிடிக்கிற பாரைத் தள்ளிவிட்டா பவர் கிட்டத்தட்ட முழுசா போயிடும். வடகிழக்குப் பருவக்காத்துக்கு குவாந்தான் பக்கத்து பாலோக் போய் கடல்ல ஓட்டுவேன், மத்த மாசம் மணல்ல ஓட்டுவேன்னா வாங்குங்க, ரெண்டுக்கும் ஆகும். ஆனா மேற்குக் கரையில ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலையில சுமத்ரா பக்கத்துலேர்ந்து வர்ற புயல்காத்தைத் தெரியும்ல, மேகம் கருத்துக்கிட்டு வரிசையா வந்தா உடனே இறக்கி காத்தை விட்டுடுங்க. அந்தக் காத்துல 9 சதுர மீட்டர் கைட்டு உங்களையே தூக்கிடும், கைட்டு தாங்கும், நீங்க தாங்க மாட்டீங்க. விமான நிலையம் பக்கம், கரண்டு கம்பி பக்கம், ஆள் நடமாடுற பாடாங்ல ஓட்டவே கூடாது. கோலாலம்பூர் கெப்போங் பார்க் குடும்பத்தோட பட்டம் விடுற இடம், அங்க பவர் கைட்டைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க லா.

அந்த மலிவுக் கைட்டையே பார்க்கப் போறீங்கன்னா, விக்கிறவரு வீட்டுலயே அச்சடிச்ச பிஎஸ்ஐ வரைக்கும் அடிச்சு ஒரு ராத்திரி விடச் சொல்லுங்க, காலையில குழாயை அழுத்திப் பாருங்க. முன் குழாய் தையலை முழுசா விரலால தடவிக்கிட்டே போங்க, நூல் பிசிறா இருக்கான்னு பாருங்க, நுனி ரெண்டையும் பாருங்க, வால்வு அடியைக் கிள்ளிப் பாருங்க, துணியை வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிங்க, காதுகிட்ட வெச்சு கசக்குங்க. நாலு கயிறையும் ஒரு கம்பத்துல மாட்டி இழுத்து ஒரே நீளம் இருக்கான்னு பாருங்க, டைனீமா கயிறு இழுப்புக்குப் பலம், சிப்பி ஓட்டுல உரசினா அவ்வளவு பலம் இல்ல. ராத்திரி விட முடியாது, இப்பவே காசு குடுன்னு சொன்னாருன்னா வேற கைட்டு பாருங்க. வால்வு பசை மட்டும் விட்டிருக்கு, மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னா அதைக் காட்டி விலையை நல்லா இறக்கிட்டு வாங்குங்க, வால்வு ஒட்டுறது பெரிய வேலை இல்ல. முன் குழாய்ல ஏற்கனவே நீளமா தைச்ச தையல் ஒண்ணு இருந்தா, யார் தைச்சதா இருந்தாலும், தரைக்கு அது வேணாம்.